பல்லின் உள்பக்கம்

"அடுத்த தடவை ப்ரீத்தியோட நீங்க வாங்கம்மா. அவ அப்பா வேணாம், நீங்களே வாங்க."

சிதம்பரத்துப் பல் டாக்டர் தமிழ்ச்செல்வி போனில் சொன்னது இவ்வளவுதான். ஏன் என்று கேட்டதற்கு, "நேர்ல பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார். அன்று முதல் மஞ்சக்குப்பத்துத் தையல் கடையில் வினோதினி வெட்டிய துணியெல்லாம் கோணல்.

சனிக்கிழமை காலை மகளை ஜன்னலோரம் உட்காரவைத்துச் சிதம்பரம் பஸ்ஸில் கிளம்பினாள்.

ப்ரீத்திக்குப் பதிமூன்று வயது. முன்பற்கள் தூக்கலாக இருக்கின்றன என்று போன வருஷம்தான் கம்பி போட்டார்கள். அப்போது கன்னமும் கையுமாகப் பூரித்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'பன்னு' என்று பெயர். கடலை மிட்டாய் கூடாது, முறுக்கு கூடாது, சாக்லேட் கூடாது, கூல்டிரிங்க்ஸ் கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டாள். இளைத்தாள். தெருவே மெச்சியது. "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, தின்னுக்கிட்டே கெடக்குது" என்று கடைக்கு வரும் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள்.

மகளின் சீருடையை வினோதினியே இரண்டு முறை பிடித்துத் தைத்தாள். இரண்டாம் முறை தைத்தபோது, தான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது இப்போது அவளுக்கு நினைவு வந்தது. ஏனோ கசந்தது.

மாதாமாதம் மகளை டாக்டரிடம் கூட்டிப்போவது கணவன் ராஜவேல்தான். கடையை விட்டு வர முடியாது என்பது வினோதினி வெளியே சொல்லும் காரணம். சொல்லாத காரணம் வேறு. சிதம்பரம் போனால் அப்பா வீட்டுக்குப் போகாமல் திரும்ப முடியாது. அந்த வீட்டில்தான் தங்கை அமராவதி செத்துப்போனாள். காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கையில், ஒரு விடிகாலையில், படுத்த படுக்கையிலேயே. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். பிறவியிலேயே பலவீனமான இதயமாக இருந்திருக்கும் என்று சொந்தபந்தமெல்லாம் சேர்ந்து முடிவுகட்டியது. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியது. ப்ரீத்தி வெளியே பார்ப்பதற்காக முகத்தைத் திருப்பினாள். தாடை எலும்பும் கழுத்துக் குழியும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. வினோதினி அவளையே பார்த்தாள். அமராவதி காலேஜ் பஸ்ஸில் இப்படித்தான் உட்காருவாள். இதே கோணத்தில், இதே போல ஒற்றைப் பின்னலை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு.

"இன்னாம்மா அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்லடி."

ப்ரீத்தி சிரித்தாள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டாள்.

* * *

டாக்டர் தமிழ்ச்செல்வி வினோதினியின் வயதுக்காரர். ப்ரீத்தியை நாற்காலியில் சாய்த்து, விளக்கை இறக்கி, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். கம்பியைத் தொடவில்லை. அதில் மாதாமாதம் மாட்டும் ரப்பரை மாற்றவில்லை. ஈறை மட்டும் மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகு, "நர்ஸ் அக்கா கூடப் போய் ரத்தம் குடுத்துட்டு வாடா செல்லம்" என்று அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நேராவே கேக்குறேன். வீட்டுல சாப்பாடு எப்படி?"

"நல்லாத்தான் சாப்புடுறா டாக்டர். ஸ்வீட்டு, நொறுக்குத்தீனி எதையும் தொடறதில்ல. ஆனா சோறு சாப்புடுறா. சில நாளு ஜாஸ்தியாவே சாப்புடுறா."

"சாப்பிட்டதும்?"

வினோதினிக்குப் புரியவில்லை.

டாக்டர் பிளாஸ்டிக்கில் செய்த பல்வரிசை ஒன்றை மேஜையிலிருந்து எடுத்துத் திருப்பிக் காட்டினார். "இனிப்பும் கூல்டிரிங்க்ஸும் ஜாஸ்தியா போனா பல்லுல சொத்தை விழும், கம்பியைச் சுத்தி வெள்ளை வெள்ளையா படியும். ப்ரீத்திக்கு மொதல்ல அந்தப் பிரச்சினைதான் இருந்துச்சு. ஈறும் வீங்கியிருந்துச்சு. அது சரியாயிட்டுது. இப்ப இருக்கறது வேற. மேல்வரிசையோட உள்பக்கம், நாக்கு படுற பக்கம், பல்லோட மேல்பூச்சே கரைஞ்சிருக்கு. அந்த எடத்துல இப்படிக் கரைஞ்சா, பெரும்பாலும் வயித்துலேர்ந்து வர்ற புளிப்பாத்தான் இருக்கும்."

"அவளுக்கு அல்சரா டாக்டர்?"

"சாப்பிட்டதை வாந்தியெடுக்குறாம்மா. வேணும்னே அவளே வரவழைக்குறா. ரொம்ப நாளா நடக்குதுன்னு நெனைக்குறேன். போன தடவை தனியா கேட்டேன். இல்லவே இல்லைன்னா. அப்புறம் எடை பாத்தேன். அதுக்கு மேல உங்ககிட்ட சொல்லாம இருக்கறது தப்புன்னு பட்டுச்சு."

வினோதினி பல்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றார் டாக்டர். குரல் தணிந்திருந்தது. "இங்க உதவிக்கு இருந்த ஒரு பொண்ணு, குண்டா இருந்தா பல்லு லேட்டாத்தான் நகரும்னு அவகிட்ட விளையாட்டா சொல்லியிருக்கு. ப்ரீத்தியே என்கிட்ட கேட்டா, 'நான் இளைச்சா கம்பியைச் சீக்கிரம் எடுத்துடலாமா டாக்டர்'னு. நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். எடைக்கும் பல்லு நகர்றதுக்கும் என்ன சம்பந்தம்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுதான் இருக்காங்க. அது நாங்க படிக்க வேண்டிய விஷயம். வாயைத் தொறந்துகிட்டுப் படுத்திருக்கற கொழந்தை காதுல போடுற விஷயமா அது?"

"இதுனால... பெருசா ஏதாச்சும்?"

"பல்லு போனா வேற பல்லு வைக்கலாம். உடம்புல இருக்கற உப்புச்சத்தெல்லாம் எறங்கிடும், அதான் பயம். நெஞ்சுத் துடிப்பே தடுமாறும். வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது, நல்லாத்தான் நடமாடிட்டு இருப்பாங்க. ரத்த ரிப்போர்ட் சாயங்காலம் வந்துடும், போன்ல சொல்றேன். திங்கக்கெழமை ஒரு கொழந்தை டாக்டரையும் மனநல டாக்டரையும் பாக்கணும், நானே பேசி வெக்கிறேன். அதுவரைக்கும் மிரட்டாதீங்க, அடிக்காதீங்க. கூடவே இருங்க."

அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் வினோதினியின் காதில் ஏறவில்லை.

உயிரோடிருந்த கடைசி வருஷம் அமராவதியின் பற்களின் ஓரம் கண்ணாடி போல மெலிந்திருந்தது. பானைத் தண்ணீர் குடித்தால்கூடப் பல் கூசுகிறது என்பாள். அம்மா ஏதேதோ பேஸ்ட் வாங்கிக் கொடுத்தாள். சிரிக்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்வாள். வெட்கப்படுகிறாள் என்று வீட்டில் கேலி செய்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் "கொஞ்சம் பருமன்" என்று சொல்லிவிட்டுப் போன ஆறேழு மாதத்தில் அவள் குச்சியாகிப்போனதை, படிப்புக் கவலை என்று எல்லோரும் நம்பினார்கள்.

பலவீனமான இதயம்.

வினோதினி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் கழித்து, யாரோ ஒரு டாக்டரின் மேஜை முன்னால் உட்கார்ந்து, தங்கை எதனால் செத்தாள் என்று அவள் தெரிந்துகொண்டிருந்தாள்.

* * *

வடக்கு வீதிக்குப் பின்னால் இருக்கிறது வினோதினியின் அப்பா பஞ்சநாதனின் வீடு. மனைவி போன பிறகு மனிதர் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறார். பேத்தி வரும் நாளில் மட்டும் விடியற்காலையே மார்க்கெட்டுக்குப் போய்விடுவார்.

"வா வினோ. நீயே வந்துட்டியா! வாடா தங்கம்." ப்ரீத்தியின் மோவாயைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். கண் கலங்கியது. "ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னு நெனைப்பேன். அப்படியே அமராவதி."

கூடத்துச் சுவரில் அமராவதியின் படம். சாவதற்குச் சில மாதம் முன்பு காலேஜில் எடுத்தது. ப்ரீத்தி அதன் அருகில் போய் நின்றாள்.

"சித்தி எவ்ளோ ஒல்லி இல்ல?" என்றாள். அந்தக் குரலில் இருந்த ஆசை வினோதினிக்குக் கேட்டது.

கத்திரிக்காய் கொத்சு, வஞ்சிரம் குழம்பு. பேத்திக்குக் கம்பியோடு கடிக்கக் கஷ்டமாக இருக்குமென்று சோற்றைக் குழைய வடித்திருந்தார். ப்ரீத்தி கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். "தாத்தா, இன்னும் கொஞ்சம் கொழம்பு." பஞ்சநாதனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வினோதினி சோற்றைப் பிசைந்தபடி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ப்ரீத்தி கை கழுவினாள். சாதாரணமாக நடந்து, கொல்லைப்பக்கத்துப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. முழு வேகத்தில் தண்ணீர் வாளியில் கொட்டியது.

வினோதினியின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

இந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும். இதே வாளிச் சத்தம், இதே நேரம், சாப்பாடு முடிந்த கையோடு. கொல்லைக் கதவண்டை நின்று, "எவ்ளோ நேரம்டி? தண்ணியெல்லாம் வீணாப் போவுது, வெளில வா" என்று தான் கத்தியதும் நினைவுக்கு வந்தது. உள்ளேயிருந்து "இதோ வரேங்க்கா" என்று வந்த பதில், நேற்றுக் கேட்டது போல அப்படியே இருந்தது.

எச்சில் கையோடு ஓடினாள்.

"ப்ரீத்தி."

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"ப்ரீத்தி, நான் திட்ட மாட்டேன். அடிக்க மாட்டேன். டாக்டர் எல்லாம் சொல்லிட்டாங்க. கொழாயை மூடு கண்ணு."

தண்ணீர் நிற்கவில்லை. வினோதினி கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கதவை இடித்துத் திறக்க வேண்டும்போல இருந்தது. மிரட்டாதீங்க என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, ஓங்கிய கையை இறக்கினாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க சித்தியும் இந்த பாத்ரூம்லதான் இப்படிக் கொழாயைத் தொறந்து விடுவா. எனக்குத் தெரியல. அவளுக்கு உன்ன மாதிரி கம்பிகூட கெடையாது, பல்லைப் பாத்துச் சொல்றதுக்கு ஒரு டாக்டரும் கெடையாது. நான் வெளில நின்னு தண்ணி வீணாவுதுன்னு சண்டை போட்டேன். இப்பதான்டி எனக்குப் புரியுது."

தண்ணீர்ச் சத்தம் குறைந்தது. சொட்டுச் சொட்டாகி, நின்றது.

"சித்தி ஹார்ட்டு வீக்காயிதான செத்தாங்க?" கதவுக்குப் பின்னாலிருந்து குரல் நடுங்கி வந்தது.

"அப்படித்தான் நெனச்சோம். நெஞ்சு நின்னுதான் போனா. ஆனா அதை நிக்க வெச்சது இதுதான்னு எனக்குத் தோணுது. கதவைத் தொற கண்ணு. நீ உள்ள இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

தாழ்ப்பாள் விலகியது. ப்ரீத்தி கதவோரமே நின்றாள். முகமெல்லாம் ஈரம். கண்ணீரா தண்ணீரா என்று தெரியவில்லை.

"இன்னைக்குப் பண்ணலம்மா. சத்தியமா. பண்ணலாம்னுதான் வந்தேன். நீ கூப்ட்டுட்ட."

வினோதினி குழம்புக் கையோடு அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். தோள் எலும்பு மார்பில் குத்தியது. தன் கையாலேயே பிடித்துத் தைத்த சுடிதார், இன்னும் தொளதொளத்துக் கிடந்தது.

"பன்னுன்னு கூப்புடுவாங்களேம்மா" என்றாள் ப்ரீத்தி, அம்மாவின் கழுத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு. "இப்ப யாரும் கூப்புடறதில்ல. நெறுத்தினா திரும்பக் கூப்புடுவாங்க."

வினோதினி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

திரும்பியபோது சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு பஞ்சநாதன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"வினோ." கொல்லைக் கதவைக் காட்டினார். "அமராவதி சாப்பிட்டதும் கொல்லைப் பக்கம் போவா. நான் கூடத்துல பேப்பர் படிச்சிகிட்டு இருப்பேன். எனக்குக் கேக்கும்மா அந்தத் தண்ணிச் சத்தம். தெனமும் கேக்கும்."

வினோதினி ஒரு கையை நீட்டினாள். அவர் வந்து அதைப் பிடித்துக்கொண்டார். கிளம்பும்போது, அமராவதி மாதிரி இருக்கிறாய் என்று அவர் சொல்லவில்லை. "உன் மொகம் உனக்குத்தான்டா தங்கம்" என்று மட்டும் சொல்லிக் கன்னத்தைத் தொட்டார்.

* * *

கடலூர் திரும்பும் பஸ்ஸில் ப்ரீத்தி அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். ஆலப்பாக்கம் தாண்டியதும் டாக்டரிடமிருந்து போன் வந்தது. ரத்தத்தில் உப்புச்சத்து குறைந்துதான் இருக்கிறது, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. இன்றே ஆரம்பிக்க வேண்டிய மருந்தின் பெயரை அனுப்புகிறேன், மயக்கம் வந்தாலோ படபடப்பு வந்தாலோ யோசிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வினோதினி போனை மடியில் வைத்துவிட்டு மகளின் தலையைத் தடவினாள்.

"நல்ல வேளை கண்ணு. சீக்கிரமே தெரிஞ்சுபோச்சு."

ப்ரீத்தி துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மயக்கம் வந்தா ரொம்ப டேஞ்சரா?"

"உனக்கு வந்துச்சா?" வினோதினி நிமிர்ந்தாள்.

"எனக்கில்ல." பஸ் கடலூருக்குள் நுழையும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யாருடி?"

"ஸ்ரீமதி. அவதாம்மா எனக்குச் சொல்லிக் குடுத்தது. அவ எனக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டா. வியாழக்கெழமை பிரேயர்ல மயக்கம் போட்டு வுழுந்துட்டா. வெயிலுன்னு சொல்லிட்டா."

ஸ்ரீமதி ப்ரீத்தியின் உயிர்த்தோழி. அவள் அம்மா எழிலரசி வினோதினியிடம்தான் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பாள். மகள் ஓட்டப்பந்தயத்தில் மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள் என்று போன வாரம்தான் பூரித்துப்போய்ச் சொல்லிவிட்டுப் போனாள்.

வினோதினி உடனே போன் போட்டாள்.

"சொல்லுங்கக்கா" என்றாள் எழிலரசி உற்சாகமாக. "ஸ்ரீமதியா? மஞ்சக்குப்பம் மைதானத்துல பிராக்டீஸுக்குப் போயிருக்கா. காலையிலேர்ந்து தலை சுத்துது, நெஞ்சு படபடங்குதுன்னா. சும்மா சோம்பேறித்தனம், போட்டி நெருங்குதுல்ல, போடின்னு நான்தான் வெரட்டிவுட்டேன்."

"எழில், உடனே மைதானத்துக்குப் போ. அவளை ஓட வேணாம்னு சொல்லு. போன் வெச்சிருக்காளா?"

"ஓடுறப்ப எங்கக்கா போனு? ஏன், என்னாச்சு?"

"போ, நேர்ல சொல்றேன். நானும் அங்கதான் வரேன்."

பஸ்ஸிலிருந்து இறங்கி ஆட்டோ பிடித்தார்கள். ப்ரீத்தி அம்மாவின் கையை இறுகப் பிடித்திருந்தாள். "என்னைய அவ இனிமே மன்னிக்கவே மாட்டாம்மா" என்று ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு, ஆட்டோக்காரரைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் போங்கண்ணே" என்றாள்.

வெயில் இறங்கும் நேரம். மைதானம் முழுக்கப் பிள்ளைகள். ஒரு பக்கம் கிரிக்கெட், ஒரு பக்கம் கார் ஓட்டப் பழகுகிறவர்கள். எல்லாவற்றுக்கும் அப்பால், சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி நீலப் பனியனில் ஒரு பெண் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். கால்கள் மட்டுமே உடம்பாகத் தெரிந்தன. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"ஸ்ரீமதி!"

திரும்பிப் பார்த்தாள். ப்ரீத்தியைப் பார்த்தாள். பக்கத்தில் ப்ரீத்தியின் அம்மாவைப் பார்த்தாள். இருவரும் நின்ற விதமே அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. முகம் மாறியது. ஓட்டப் பாதையை விட்டு விலகி, எதிர்ப்பக்கத்து வாசலை நோக்கி வேகம் பிடித்தாள்.

வினோதினி இரண்டு எட்டு வைப்பதற்குள் ப்ரீத்தி அவள் கையை உதறிவிட்டு ஓடினாள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பந்தயத்திலும் கடைசியாக வருகிறவள்தான் அவள். கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கு நடுவே புகுந்து, அவர்கள் போட்ட கூச்சலைக் காதில் வாங்காமல், தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஓடினாள்.

"ஓடாதடி! செத்துப்போயிடுவடி! எங்க சித்தி செத்துப்போயிட்டாங்கடி!"

மைதானத்தில் எல்லோரும் திரும்பினார்கள். தெருப்பக்கத்திலிருந்து எழிலரசி ஸ்கூட்டியை நிறுத்தக்கூட மறந்து அப்படியே போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது ஸ்ரீமதி நின்றாள். ஆனால் திரும்பவில்லை. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் காற்றில் எதையோ தேடினாள்.

ப்ரீத்தி போய்ச் சேர்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.